ஏஸ்-கிங் கையில், ஃப்ளொப்பில ஒண்டுமில்லை: அடிக்கிறதா, விடுறதா?

உப்புவெளியான்:

வாடை தொடங்கிட்டுது, கடற்கரைப் பக்கம் ஹொட்டல் பாதி பூட்டு. சீசனுக்கு வேலை செய்யிற எங்கட செட்டுக்கு இப்பதான் ஆறுதலா இருந்து சீட்டு விளையாட நேரம். கொஞ்சக் காலமா போக்கரில டெக்சஸ் ஹோல்டெம்தான்: ஆளுக்கு ரெண்டு சீட்டு கையில, எல்லாருக்கும் பொதுவா ஐஞ்சு சீட்டு மேசையில. காசு இல்லை, புளியங்கொட்டை. ஆளுக்கு 200 கொட்டை, பிளைண்ட் (சீட்டுப் பாக்க முதல் ரெண்டு பேர் கட்டாயம் போடுறது) 1-உம் 2-உம்.

ஒரு கையைப் பற்றி எங்களுக்குள்ள வாக்குவாதம் இன்னும் ஓயேல்ல. அதைத்தான் இஞ்ச வைக்கிறன்.

மேசையில ஆறு பேர். எனக்கு முன்னால ரெண்டு பேர் ரெண்டு ரெண்டு கொட்டையைப் போட்டுச் சும்மா உள்ள வந்திட்டாங்கள். நான் பட்டனில, எல்லாருக்கும் கடைசியாப் பேசுற இடம். கையில ஏஸ் ஸ்பேட், கிங் ஆட்டின். 8-க்கு ரெய்ஸ் பண்ணினன் (கூட்டிப் போட்டன்). சின்ன பிளைண்ட் ஃபோல்ட் (சீட்டை எறிஞ்சிட்டான்), பெரிய பிளைண்ட் கோல் (அதே அளவு போட்டான்), முன்னால வந்த ரெண்டு பேரும் கோல். நாலு பேர், பொட்டில (நடுவில சேர்ந்ததில) 33 கொட்டை.

ஃப்ளொப் (மேசையில முதல் விரியிற மூண்டு சீட்டு) 9 கிளாவர், 8 கிளாவர், 6 டயமண்ட். மூண்டு பேரும் செக் (ஒண்டும் போடாம விட்டிட்டாங்கள்). நான் 20 பெட் பண்ணினன். முதல் உள்ள வந்தவன் மட்டும் கோல், மற்ற ரெண்டு பேரும் ஃபோல்ட். டேர்ன் (நாலாவது சீட்டு) 2 ஆட்டின், ரெண்டு பேரும் செக். ரிவர் (ஐஞ்சாவது, கடைசிச் சீட்டு) குயின் ஸ்பேட். அவன் 30 பெட் பண்ண நான் சீட்டைப் போட்டிட்டன். 8-7 காட்டினான்.

எங்கட செட்டில பாதிப்பேர் சொல்றது: முதல் ரெய்ஸ் பண்ணினவன் ஃப்ளொப்பிலயும் அடிக்கத்தான் (பெட் பண்ணத்தான்) வேணும், இல்லாட்டி அந்த ரெய்ஸுக்கே பலன் இல்லை. மற்றப் பாதி சொல்றது: பொருந்தாத கையோட மூண்டு பேருக்கு நேர நிக்கக் கூடாது. உங்கட எண்ணம் என்ன?


மான்கொம்பு:

அண்ணை, பெட் பண்ணினது சரி, டேர்னில விட்டதுதான் பிழை. ரெய்ஸ் பண்ணினவன் தொடர்ந்து அடிக்கிறதுக்கு சி-பெட் எண்டு பேர். ஃப்ளொப் பெரும்பாலும் ஒருத்தருக்கும் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்தாத மாதிரி அவங்களுக்கும் பொருந்தியிராது. அப்ப முதல் அடிக்கிறவனுக்குத்தான் பொட். நான் ஃபோனில விளையாடுற இடத்தில எல்லா ஃப்ளொப்பிலயும் இதைத்தான் செய்யிறன். டேர்னில இன்னொரு 45 போட்டிருந்தா அவன் 8-7-ஐ எறிஞ்சிருப்பான்.


கணக்கு ரீச்சர்:

தம்பி மான்கொம்பு சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை எண்ணிப் பார்ப்போம், ஏனென்றால் இந்த வாதத்தைத் தீர்ப்பது அந்த எண்கள்தான்.

கையில் ஏஸ்-கிங். மீதம் 50 சீட்டு. அவற்றுள் 3 ஏஸ், 3 கிங், ஆக 6 சீட்டு நமக்கு உதவும், 44 உதவாது. ஃப்ளொப்பின் மூன்று சீட்டும் அந்த 44-க்குள் விழுவதற்கான வாய்ப்பு 44/50 × 43/49 × 42/48. பெருக்கினால் 0.676 வரும். அதாவது மூன்றில் இரண்டு தடவை ஏஸோ கிங்கோ வராது. சோடி இல்லாத எந்த இரண்டு சீட்டுக்கும் இதே கணக்குத்தான்; ஏஸ்-கிங்குக்கும் 7-2-க்கும் இதில் வேறுபாடு கிடையாது. பொருந்தும்போது கிடைக்கும் சோடி பெரியது என்பதும், பொருந்தாதபோதும் மற்றவரின் வெறுங்கையை ஏஸ் வெல்லும் என்பதுமே ஏஸ்-கிங்கின் பலம்.

இப்போது எதிரே இருப்பவர்கள். ஒருவர் மட்டும் இருந்தால் அவருக்குப் பொருந்தாதிருக்க 68 வீத வாய்ப்பு. இருவருக்குமே பொருந்தாதிருக்க ஏறத்தாழ 46 வீதம். மூவருக்கும் என்றால் 31 வீதம். நால்வர் என்றால் 21. இது தோராயக் கணக்கு. கையிலேயே சோடி வைத்திருப்பவரையும், வரிசைக்கோ (அடுத்தடுத்த ஐந்து சீட்டு) நிறத்துக்கோ (ஒரே நிறத்தில் ஐந்து சீட்டு) காத்திருப்பவரையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் குறையும்.

உப்புவெளித் தம்பி 33 கொட்டைப் பொட்டில் 20 போட்டிருக்கிறார். கையில் வேறு நம்பிக்கை இல்லாமல் அந்தப் பெட் மட்டும் நட்டமில்லாமல் போக வேண்டுமானால், 20/53, அதாவது 38 வீதத் தடவை எல்லோரும் ஃபோல்ட் பண்ண வேண்டும். ஒருவர் எதிரே இருந்தால் அது நடக்கும். மூவர் இருந்தால் 31-தான், அதுவும் மிகத் தாராளமாக எண்ணினால். ஆகவே இந்தக் கையில் பெட் தவறு. அதே ஏஸ்-கிங்கோடு ஒருவரை எதிர்த்திருந்தால் பெட் பண்ணியிருக்கலாம். கேள்விக்கு ஒரே பதில் இல்லாததன் காரணம் இதுதான்: நம் கை மாறவில்லை, எதிரே இருக்கும் தலைகளின் எண்ணிக்கை மாறுகிறது.

இன்னொன்று. அந்த ஃப்ளொப்பில் இரண்டு கிளாவர். நமக்கு உதவும் ஆறு சீட்டில் ஏஸ் கிளாவரும் கிங் கிளாவரும் இருக்கின்றன. அவை வந்தால் நமக்குச் சோடி, வேறொருவருக்கு ஐந்து கிளாவர். சுத்தமாக உதவுவது நாலே சீட்டு. டேர்னில் அவற்றுள் ஒன்று வர 47-இல் 4, ஒன்பது வீதம்கூட இல்லை.


வெள்ளைமணல்:

ரீச்சர் எண்ணிச் சொன்னதை நான் முந்நூற்றிநாலு எண்ட சீட்டாட்டம் விளையாடுற ஆக்களுக்கு விளங்கிற மாதிரிச் சொல்லிப் பாக்கிறன், ஏனெண்டா இந்த இழையில எழுதுற முக்கால்வாசிப் பேரும் அந்த விளையாட்டில வளர்ந்த ஆக்கள்.

முந்நூற்றிநாலில முதல் நாலு சீட்டுத்தான் கைக்கு வரும். அந்த நாலைப் பாத்துத்தான் கேக்கிறம் (இவ்வளவு புள்ளி எடுப்பம் எண்டு). ஒரே நிறத்தில ஜாக்கும் 9-உம் கிடைச்சா அப்பவே 50 புள்ளி கையில. ஆரும் கேப்பான், துரும்பைக் கவிட்டு வைப்பான். பிறகு அடுத்த நாலு சீட்டு வருது, எல்லாம் 7-உம் 8-உம், ஒரு புள்ளியும் இல்லை. அப்ப என்ன செய்யலாம்? ஒண்டும் செய்யேலாது. கேட்டது கேட்டதுதான், எட்டுச் சீட்டையும் விளையாடி முடிக்க வேணும்.

எங்கட பெடியள் போக்கரையும் அந்த மனத்தோடதான் விளையாடுறாங்கள். ரெய்ஸ் பண்ணினா அது கேட்ட மாதிரி, கடைசி வரைக்கும் காப்பாத்த வேணும் எண்டு ஒரு பிடிவாதம். போக்கரில அந்தக் கட்டாயம் இல்லை. ஃப்ளொப் பொருந்தாட்டி 8 கொட்டையோட விட்டிட்டு அடுத்த கைக்குப் போகலாம். அந்த வசதி இருக்கிறதாலதான் நல்ல கையை முதலே பெரிசா விளையாட முடியுது.


மான்கொம்பு:

வெள்ளைமணல் ஐயா, விளங்குது. ஆனா எல்லாரும் இப்பிடி விட்டா ஏஸ்-கிங் எடுத்து என்ன பிரயோசனம்? மூண்டுக்கு ரெண்டு தடவை விடுறதெண்டா, அந்தக் கையை முதலே எறியலாமே. ரீச்சர், ஒருத்தன் மட்டும் எதிர நிண்டா எப்பவும் அடிக்கலாம் எண்டு எடுக்கலாமா?


கப்பல்துறை:

நான் பல வருசம் கப்பலில வேலை, ஓய்வு நேரத்தில இதுதான் விளையாட்டு. மான்கொம்பின்ர ரெண்டு கேள்விக்கும் பதில் இருக்கு.

முதலாவது, ஏஸ்-கிங் ஏன் நல்ல கை. ஐந்து சீட்டும் விரிஞ்சா ஏஸோ கிங்கோ வர 49 வீதம். குயின் சோடிக்கு எதிரா எல்லாத்தையும் உள்ள தள்ளினாலும், வேற வேற நிற ஏஸ்-கிங் 43 வீதம் வெல்லும். ஒரே நிறமெண்டா 46. ஏஸ்-குயின், கிங்-குயின் மாதிரிக் கையை வச்சிருக்கிறவனைப் பெரிய அளவில அமத்தும். அதாலதான் கொட்டை குறைஞ்சு போய் 20, 30 மட்டும் இருக்கிற நேரம் ஏஸ்-கிங் வந்தா முழுதையும் முதலே தள்ளிடுறது நல்லது. ஐந்து சீட்டையும் கட்டாயம் பாக்கலாம், ஃப்ளொப் பொருந்தேல்ல எண்ட கவலையே வராது. 200 கொட்டை முன்னால இருக்கேக்கதான் இந்தக் கை கஷ்டப்படுத்தும்.

ரெண்டாவது, ஒருத்தனுக்கு எதிர எப்பவும் அடிக்கலாமா. இல்லை, போர்டை (மேசையில விரிஞ்ச சீட்டுகளை) பாக்க வேணும்.

இப்பிடி நினைச்சுப் பாருங்கோ. நீங்கள் ரெய்ஸ், பெரிய பிளைண்ட் மட்டும் கோல். ஃப்ளொப் குயின், 7, 2, மூண்டும் மூண்டு நிறம். இதில ஏஸ் சோடி, கிங் சோடி, குயின் சோடி எல்லாம் உங்களிட்ட இருக்கலாம். அவனிட்ட அது இருந்திருந்தா முதலே திருப்பி ரெய்ஸ் பண்ணியிருப்பான். அவனும் அது தெரிஞ்சுதான் இருக்கிறான். வரிசைக்கோ நிறத்துக்கோ காத்திருக்கவும் அதில ஒண்டும் இல்லை. பொட்டில மூண்டில ஒரு பங்கு போட்டாக் காணும். நாலுக்கு ஒருதரம் அவன் எறிஞ்சாலே நட்டமில்லை. அந்தப் போர்டில அதைவிட எவ்வளவோ கூட எறிவான்.

இப்ப 9-8-6-ஐப் பாருங்கோ. ரெண்டு கொட்டையைப் போட்டுச் சும்மா உள்ள வாறவன்ட கை என்ன? 8-7, 10-9, 7-7, சின்னக் கிளாவர் ரெண்டு. அந்த ஃப்ளொப் முழுக்க அவன்ட சீட்டு. ஏற்கெனவே 7-5-ஓ 10-7-ஓ வச்சு வரிசை முடிச்சவனும் இருக்கலாம். ரெய்ஸ் பண்ணினவனுக்கு அதில பெரிய சோடியைத் தவிரப் பெரிசா ஒண்டும் இல்லை. இப்பிடியான ஃப்ளொப்பில ஒருத்தன் எதிர நிண்டாலும் நான் அதிகம் செக்தான்.

டேர்னில 45 போட்டிருந்தா 8-7 ஓடியிருக்கும் எண்டது சரியில்லை. அவனிட்ட ஒரு சோடி, அதோட 5 வந்தாலும் 10 வந்தாலும் வரிசை. ஃப்ளொப்பில 20-க்குக் கோல் பண்ணினவனுக்கு 2 ஆட்டின் எதையும் மாத்தேல்ல. ரெண்டாம் தரம் அடிக்கிறதெண்டா டேர்ன் சீட்டு ஏதாவது மாத்தியிருக்க வேணும்: உங்களுக்குப் புதுசா ஒரு வழி திறந்திருக்க வேணும், இல்லாட்டி அவனைப் பயப்படுத்த வேணும்.


உப்புவெளியான்:

கப்பல்துறை அண்ணை, "புதுசா ஒரு வழி" எண்டதை ஒருக்கா விளக்குங்கோ. எல்லா ஏஸ்-கிங்கும் ஒரே மாதிரித்தானே பொருந்தாமப் போகுது?


கப்பல்துறை:

இல்லைத் தம்பி, அதுதான் கனபேர் பாக்காம விடுற இடம். அதே குயின்-7-2 ஃப்ளொப், குயின் மட்டும் ஸ்பேட். உங்களிட்ட ஏஸ் ஸ்பேட்டும் கிங் ஸ்பேட்டும் எண்டு வையுங்கோ. டேர்னில ஸ்பேட் வர 47-இல 10 சீட்டு இருக்கு. வந்தா நாலு ஸ்பேட், ரிவருக்கு 9 சீட்டு உதவும். ஜாக்கோ 10-ஓ வந்தா வரிசைக்கு நாலு சீட்டு உதவும். இதைத் தவிர ஏஸும் கிங்கும் இருக்கு. டேர்னில வாற கனக்கச் சீட்டு ரெண்டாம் தரம் அடிக்க ஒரு நியாயத்தைக் கொண்டுவரும்.

அதே கை ஏஸ் ஆட்டின், கிங் கிளாவர் எண்டா, ஸ்பேட் வழி முழுக்க அடைபடும். ரெண்டும் பொருந்தாத ஏஸ்-கிங்தான், ஆனா ஒண்டை அடிக்கலாம், மற்றதை விடலாம். நான் அடிக்கிற கையைத் தெரியிறது இப்பிடித்தான். எல்லாத்தையும் அடிச்சா மூண்டாம் நாளே செட்டுக்கு விளங்கிடும், பிறகு ஆரும் எறிய மாட்டாங்கள்.


மட்டுறுத்துநர்:

காசு கட்டி விளையாடும் தளங்களின் இணைப்பைப் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கிவிட்டேன். இங்கே விளையாட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள்.


வெள்ளைமணல்:

மட்டுறுத்துநருக்கு நன்றி. பெடியள் அந்தப் பக்கம் போறது எனக்கு உண்மையாவே கவலை. கொட்டையில விளையாடுறதே நல்லது.

ஒரு சின்ன விசயம், உப்புவெளித் தம்பிக்கு. முதல் ரெய்ஸே சின்னன் எண்டு நினைக்கிறன். பொதுவா பெரிய பிளைண்டின்ர மூண்டு மடங்கு, அதோட சும்மா உள்ள வந்த ஆளுக்கு ஒவ்வொரு பிளைண்ட். உங்கட கையில 6-உம் 2-உம் 2-உம், 10 வரும். 8 போட்டா மூண்டு பேரும் பின்னால வரத்தான் செய்வாங்கள். புளியங்கொட்டை எண்டதால எல்லாருக்கும் கை தாராளம் வேற. நான் எண்டா 12, 14 போடுவன். ஒருத்தனோட ஃப்ளொப்பைப் பாத்தா, ரீச்சர் சொன்ன அந்த 68 வீதப் பக்கம் நிக்கலாம். நாலு பேரோட பாக்கிற ஏஸ்-கிங்குக்கு ஃப்ளொப் வாறதுக்கு முன்னமே பிரச்சினை தொடங்கிட்டுது.


உப்புவெளியான்:

இது எங்கட மேசைக்கு நேராப் பொருந்துற பேச்சு. எல்லாரும் பின்னால வாறதுதான் எங்கட வழக்கம்.

மற்றது, அந்த 8-7 பெடியனை நான் இப்ப நல்லாக் கவனிக்கிறன். எறியப் போறானெண்டா கொட்டையைத் தொடவே மாட்டான், பிளேன்ரீக் கோப்பையைத்தான் தூக்குவான். கோல் பண்ணப் போறானெண்டா அவன்ட முறை வாறதுக்கு முதலே கொட்டையை ஐஞ்சு ஐஞ்சாக் கூட்டி வைப்பான். அண்டைக்கும் நான் பெட் பண்ண முதல் நாலு சின்னக் குவியல் அவனுக்கு முன்னால ரெடியா இருந்தது.


கப்பல்துறை:

அப்ப அண்டைக்கு நீங்கள் செக் பண்ண அதுவே போதுமான காரணம். மூண்டு பேர் இருக்கிற மேசையில ஒருத்தன் கோலுக்கு ஆயத்தமா இருக்கிறது தெரிஞ்சா ரீச்சரின்ர 31 வீதம் சைபர்.

செக் பண்ணினா கை முடிஞ்சுது எண்டும் இல்லை. நீங்கள் கடைசியாப் பேசுற ஆள். ஃப்ளொப்பில எல்லாரும் செக், நீங்களும் செக், டேர்னில திரும்பவும் எல்லாரும் செக் எண்டு வாங்கோ. ரெண்டு தரம் அக்கறை காட்டாத ஆக்களுக்கு எதிர அப்ப அரைப் பொட் போடுங்கோ. மூண்டுக்கு ஒருதரம் எறிஞ்சாக் காணும். அதுக்கிடையில ஒரு சீட்டையும் இலவசமாப் பாத்திட்டீங்கள்.


சாம்பல்தீவு:

வணக்கம், நான் புதுசு. எங்கட வீட்டில அண்ணாமாரோட விளையாடுறன். ஏஸ்-கிங்கை விட எனக்குக் கஷ்டம் தாறது குயின் சோடியும் ஜாக் சோடியும். ரெய்ஸ் பண்ணுவன், ஃப்ளொப்பில ஒரு ஏஸோ கிங்கோ வந்திடும். அதுக்குப் பிறகு கை நடுங்குது. ரீச்சர், இதுவும் பொருந்தாமப் போனதுதானா?


கணக்கு ரீச்சர்:

பிள்ளை, நல்ல கேள்வி. இதுவும் அதன் உறவுதான், ஆனால் குணம் வேறு. ஏஸ்-கிங் தவறும்போது கையில் சோடியே இல்லை. குயின் சோடிக்கு மேலே கிங் விழும்போது கையில் ஒரு நல்ல சோடி இன்னும் இருக்கிறது.

அடிக்கடி நடப்பதைக் கெட்ட நேரம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எண்களைச் சொல்கிறேன். கிங் சோடி கையில் இருக்கும்போது ஃப்ளொப்பில் குறைந்தது ஒரு ஏஸ் வர 23 வீதம். குயின் சோடிக்கு மேலே ஏஸோ கிங்கோ வர 41 வீதம். ஜாக் சோடிக்கு மேலே ஏதாவது ஒன்று வர 57 வீதம், பாதிக்கும் மேல். 10 சோடிக்கு 70-ஐத் தொடும். சோடி மூன்றாவது (குயினுக்கு இன்னொரு குயின்) ஃப்ளொப்பில் வருவது 12 வீதத்துக்குள்தான். அதை நம்பி இருக்க முடியாது.

அப்படி மேலே ஒரு சீட்டு விழுந்தால், ஒருவர் மட்டும் எதிரே, அவர் செக் என்றால், ஒரு சின்ன பெட் போடலாம், அல்லது நீங்களும் செக் பண்ணி ரிவர் வரை குறைந்த செலவில் போகலாம். இரண்டுமே சரி. பெரிய பொட்டாக்குவதுதான் பிழை. பெரிய பெட்டுக்கு உங்களைவிடச் சிறிய கைகள் எல்லாம் எறிந்துவிடும், பெரிய கைகள் மட்டும் கோல் பண்ணும்.


மான்கொம்பு:

ரீச்சர், ஃபோனில நான் அடிக்கிறது வேலை செய்யிறதுக்குக் காரணம் இப்பதான் விளங்குது. அங்க பெரும்பாலும் ஒருத்தனுக்கு ஒருத்தன். ஆனா ஒண்டில நான் விட்டுக்குடுக்க மாட்டன்: ஏஸ்-கிங்கோட, ஒருத்தன் மட்டும் எதிர, குயின்-7-2 மாதிரிக் காய்ஞ்ச போர்டெண்டா, எந்த நிறமெண்டாலும் முதல் தரம் அடிப்பன். வழி அடைபட்ட கையெண்டா டேர்னில விடுவன், ஃப்ளொப்பில விடமாட்டன்.


கப்பல்துறை:

அதில எனக்கும் பெரிய மறுப்பு இல்லை. சின்னப் பெட்டா இருக்கட்டும், கடைசியாப் பேசுற இடத்தில இருங்கோ. முதலாப் பேசுற இடத்தில இருந்து ரெய்ஸ் பண்ணி, பட்டனில இருக்கிறவன் கோல் பண்ணினா, அதே போர்டில நான் பாதித் தடவை செக் பண்ணுவன். அவன் என்ன செய்யிறான் எண்டு பாக்காம நாலு சுற்றும் பேச வேண்டியிருக்கிறது பெரிய சுமை.


சாம்பல்தீவு:

ரீச்சருக்கு நன்றி. கடைசியா ஒண்டு. குயின் சோடி, ஃப்ளொப் கிங்-7-2, நான் சின்னப் பெட், அண்ணா கோல். டேர்ன் 4. நான் செக், அவர் பொட் அளவுக்குப் பெட். அவர் சும்மா மிரட்டுற ஆள் இல்லை. கோலா, ஃபோல்டா?


கணக்கு ரீச்சர்:

பொட் அளவு பெட்டுக்குக் கோல் பண்ண, மூன்றில் ஒரு தடவையாவது நீங்கள் வெல்ல வேண்டும். அவரிடம் கிங் இருந்தால் உங்களுக்கு உதவுவது இரண்டு குயின் மட்டுமே, ரிவரில் 4 வீதம். மிரட்டுகிற ஆளாக இருந்தால் கோல் பண்ணச் சொல்லியிருப்பேன். மிரட்டாத ஆள் என்று நீங்களே சொல்கிறீர்கள். ஃபோல்ட்.